நான் ஏறினால் நிற்கும் கார்

எங்கள் வீட்டுக் கார் நான் ஏறினால் நின்றுவிடும் என்று ஒரு பேச்சு கொஞ்ச காலம் குடும்பத்தில் இருந்தது. விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார்கள். அப்புறம் அதையே காரணமாக வைத்து என்னை வண்டியிலிருந்து இறக்கிவிடப் பார்த்தார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் கூடிவிட்டால் அடுப்படிப் பக்கம் நகர்ந்துவிடுகிற ஆள் நான். படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுத முடிகிறது.

கார் என் வீட்டுக்காரர் வாங்கியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, யாரோ ஓட்டிப் பழகிய வண்டியாகப் பார்த்து வாங்கினார். வெள்ளைக் கார். அப்போதே அதற்கு வயசாகியிருந்தது. அவர் இருந்தவரை முன் சீட் என்னுடையது. அவர் போன பிறகு மகன் ஓட்டுகிறான், நான் பின்னால் போய்விட்டேன். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. ஒரு நாள் சம்பந்தியம்மா, அதாவது என் மருமகளுடைய அம்மா, முட்டி வலி என்று முன்னால் உட்கார்ந்தார். அன்றைக்கே அது அவர் சீட் ஆகிவிட்டது.

உட்கார்ந்ததும் அவர் முதலில் செய்கிற காரியம், சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளுவது. பின்னால் இருக்கிற என் முட்டிக்கும் வலி உண்டு. அதைக் கதவுப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருவேன். "மாப்பிள்ளை, ஏசியைக் கொஞ்சம் கூட்டுங்க," என்பார். கூட்டுவான். "மாப்பிள்ளை, அந்தப் பாட்டு வேண்டாம்," என்பார். மாற்றுவான். வழியெல்லாம் ஏதாவது சொல்லிக்கொண்டே வருவார், என் மகன் விழுந்து விழுந்து சிரிப்பான். வீட்டில் என்னிடம் அவன் அப்படிச் சிரித்து எனக்கு ஞாபகம் இல்லை. சம்பந்தியம்மாவின் பின்னந்தலையில் வைத்திருக்கிற மல்லிகைப் பூவைப் பார்த்துக்கொண்டு நான் வருவேன். அந்தப் பூவையும் இவன்தான் வாங்கிக் கொடுத்திருப்பான்.

நாங்கள் ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். அவர் மன்னார்புரத்தில் தனியாக இருக்கிறார். செவ்வாய்க்கிழமை தோறும் அவரைத் தில்லைநகருக்கு, முட்டிக்குக் கரண்ட் வைக்கக் கூட்டிப் போக வேண்டும். மகனுக்குத் திருவெறும்பூரில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போகிறவன், செவ்வாய்க்கிழமை மட்டும் பெர்மிஷன் போட்டுவிட்டுக் காரை எடுப்பான். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கார். அதுவும் அவர்களுக்கு வேறு வேலை இல்லாவிட்டால்.

முதல் தடவை காவிரிப் பாலத்தின் மேல் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துணி எடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்துக்கு நடுவில் வண்டி மூச்சு வாங்குகிற மாதிரி குலுங்கியது. அப்புறம் சத்தமே இல்லை. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மகன் இறங்கித் தள்ளினான், மருமகள் இறங்கித் தள்ளினாள். நானும் இறங்கப் போனேன்.

"நீங்க உக்காருங்கத்தை, நீங்க வேற," என்றாள்.

ஓரமாக நிறுத்தி வெயிலில் காத்திருந்தோம். ரொம்ப நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிற்று.

அடுத்தது நடந்ததுதான் என் பெயரைக் கெடுத்தது. தஞ்சாவூரில் ஒரு கல்யாணம். எல்லோரும் போய்விட்டுத் திரும்பும்போது சம்பந்தியம்மாவை மன்னார்புரத்தில் இறக்கிவிட்டோம். மருமகளும் அம்மாவோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிக்கொண்டாள். நான் முன்னால் வந்தேன். சீட் இன்னும் சம்பந்தியம்மாவின் சூட்டோடு இருந்தது. கீழே இருக்கிற கம்பியைப் பிடித்துச் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டேன். அவர் இறக்கி வைத்திருந்த கண்ணாடியை ஏற்றினேன். மகனோடு நான் மட்டும். மனசுக்கு அவ்வளவு நன்றாக இருந்தது. வழியில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. மகன் வேகத்தைக் குறைத்தான், பெட்ரோல் முள்ளைப் பார்த்தான்.

"நாம ரெண்டு பேர்தானே, வீடு வரைக்கும் வந்துடும்," என்று சொல்லிவிட்டு நேரே விட்டான்.

ஜங்ஷன் பக்கம் பாலம் ஏறும்போது கார் நின்றது.

மகன் மருமகளுக்குப் போன் போட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டிருப்பாள் போல. சம்பந்தியம்மாவின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"இவ்வளவு தூரம் ஓடின வண்டிதானே மாப்பிள்ளை? நான் இறங்கினதும் நின்னுடுச்சா? என்னைத் தேடுது போல!"

மகன் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். வண்டி நடுரோட்டில் நிற்கிறது, இவனுக்குச் சிரிப்பு வருகிறது. நான் என் முந்தானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகும் நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் வண்டிக்குள் இருந்தேன். செவ்வாய்க்கிழமை போனால் ஒரு தொந்தரவும் இல்லை, பூப்போலப் போய் வந்தது. மருமகள் கெட்டவள் இல்லை. ஆனால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "அத்தை ஏறினா வண்டிக்கு மூச்சு முட்டுதுங்க," என்று அவனிடம் சொல்வாள், என் காதில் விழட்டும் என்றே. ஒரு நாள் சம்பந்தியம்மா ஸ்பீக்கர் போனில் மகளிடம் சொன்னார்: "யாரோட கண்ணோ பட்டிருக்குடி. வயித்தெரிச்சல்காரங்க ஒருத்தர் போதும், ஓடுற வண்டி நிக்கறதுக்கு."

நான் அப்போது கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அந்த ஒருத்தர் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த முன் சீட்டை நான் பார்க்கிற பார்வைக்கு, லாரியே நின்றிருக்கும்.

இதில் இன்னொரு கூத்து. "நீங்கதான் வீட்டுக்குப் பெரியவங்க, நீங்களே சுத்திப் போடுங்கத்தை," என்று மருமகள் உப்பும் மிளகாயும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். மனுஷரை உட்கார வைத்துச் சுற்றுவது வேறு. கார் பெரிசு. கையை நீட்டிக்கொண்டு நான்தான் அதைச் சுற்றி வந்தேன். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார். "ஊர் கண்ணு உறவு கண்ணு" என்று ஆரம்பித்தேன், உறவு கண்ணுக்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. கொட்டாங்கச்சியைப் பற்ற வைத்து அதில் போட்டோம். மிளகாய் கருகியது. நெடியே இல்லை. ஒருத்தருக்கும் இருமல் வரவில்லை.

"பார்த்தீங்களா அத்தை, நெடியே வரலை. அவ்வளவு திருஷ்டி," என்றாள்.

"ம்," என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கார் மறுபடி நின்றது. என்னோடுதான்.

அந்தச் சமயத்தில்தான் தொட்டியத்திலிருந்து என் தம்பி வந்தான். அவன் பேரனுக்குக் காதுகுத்து. எங்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தி, வீட்டில் சாப்பாடு. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்தான். சம்பந்தி வீட்டையும் அழைக்காமல் விடக்கூடாது என்று மன்னார்புரத்துக்கும் போனான். என் வீட்டில், "வாழைத்தாரு வெட்ட ஆள் வருதுக்கா, நேரமில்ல," என்று வெறும் தண்ணீர் குடித்துவிட்டுப் போனவன், அங்கே உட்கார்ந்து தோசை சாப்பிட்டிருக்கிறான். ராத்திரி போன் பண்ணி, "அக்கா, உங்க சம்பந்தியம்மா கை என்ன கைங்கறே, அந்தச் சட்னி..." என்று ஆரம்பித்தான். எனக்குத் தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டேன்.

காதுகுத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மருமகள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"அத்தை, நீங்க சனிக்கிழமையே பஸ்ல போயிடுறீங்களா? உங்க தம்பி வீட்டுல வேலைக்கு ஆள் வேணும்ல. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறினா நேரா தொட்டியத்துல இறங்கிக்கலாம்."

"நீங்க?"

"நாங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஞாயித்துக்கிழமை கார்ல வந்துடுறோம். அம்மாவால பஸ் படி ஏற முடியாதுல்ல."

மகன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வழியில நின்னுட்டா முகூர்த்தம் தவறிடும்மா," என்றான்.

நான் ஏறாவிட்டால் நிற்காதா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மோர் ஊற்றினேன். ஆனால் அன்று ராத்திரி முழுக்க அதுதான் ஓடியது. தம்பி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருக்கும். என்னைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் வந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் வாங்கிய கார் வந்து நிற்கும். அதன் முன் கதவைத் திறந்துகொண்டு சம்பந்தியம்மா இறங்குவார். நான் சாம்பார்க் கரண்டியோடு கொல்லைப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்ப்பேன். பஸ்ஸில் போவது எனக்குப் பழக்கம்தான், அது கஷ்டமில்லை. இந்தக் காட்சியைத்தான் என்னால் தாங்க முடியாது. பிறந்த ஊருக்குள் நான் அந்தக் காரில் போய் இறங்க வேண்டும்.

மறுநாள் காலை, காபி கொடுக்கும்போது மகனிடம் சொன்னேன். "வண்டியை ஒரு தடவை மெக்கானிக்கிட்டதான் காட்டேன்."

"அத்தை வரும்போதெல்லாம் நல்லாத்தாம்மா ஓடுது."

"என் கூட வரும்போது காட்டு."

அந்த வாரம் வியாழக்கிழமை அவனுக்கு லீவு. காதுகுத்துக் குழந்தைக்கு வெள்ளி அரைஞாண் வாங்கப் பெரிய கடை வீதிக்குக் கூட்டிப் போனான். திரும்பி வரும்போது உச்சி வெயில், வாங்கிய சீர்ச் சாமான் முன் சீட்டில், நான் பின்னால். திருவானைக்கோவில் தாண்டவில்லை, வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நல்ல வேளை, எதிரிலேயே ஒரு மெக்கானிக் ஷெட். தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினான்.

மெக்கானிக் பெரிய உடம்புக்காரர், அதைவிடப் பெரிய குரல். வண்டியைத் தொடுவதற்கு முன்னாலேயே, "பேட்டரி சார், பார்த்தாலே தெரியுது," என்றார். பேட்டரி நன்றாக இருந்தது. "அப்ப பிளக்குதான், அடிச்சுச் சொல்றேன்," என்றார். பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினார். வண்டி கரகரவென்று சுற்றியதே தவிரக் கிளம்பவில்லை. ஃப்யூஸைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகுதான் கொஞ்சம் அமைதியானார்.

"சார், சாவியை ஆன் மட்டும் பண்ணுங்க. செல்ஃப் அடிக்காதீங்க."

மகன் சாவியைத் திருப்பினான். மெக்கானிக் கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். பேசிக்கொண்டிருந்தது அவர் ஒருத்தர்தான்.

"பின்னாடி உய்ங்னு ஒரு சத்தம் வரணும். வருதா? வரலை. அம்மா, கொஞ்சம் இறங்குங்க."

நான் இறங்கினேன். நான் உட்கார்ந்திருந்த சீட்டையே அவர் தூக்கினார். அடியில் விரிப்பை விலக்கினால் தட்டு மாதிரி ஒரு மூடி, அதற்குள் போகிற ஒயர்கள். "இதுக்கு நேர் கீழேதான் பெட்ரோல் டேங்க். டேங்குக்குள்ள ஒரு சின்ன மோட்டார் இருக்கு. பெட்ரோலை இஞ்சினுக்குத் தள்ளுற பம்ப்," என்றார். ஒயரில் சின்ன பல்பு ஒன்றை வைத்துப் பார்த்தார், எரிந்தது. "கரண்ட் வருது, பம்ப் சுத்தலை." ரப்பர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். "சார், இப்ப ஆன் பண்ணுங்க," என்று கத்திக்கொண்டே டேங்கின் வயிற்றில் இரண்டு தட்டு தட்டினார்.

உய்ங் என்றது. செல்ஃப் அடித்தான், கார் கிளம்பிவிட்டது.

"பம்ப்தான். நான் அப்பவே நினைச்சேன்," என்றார் மெக்கானிக், எழுந்து தூசி தட்டிக்கொண்டு. பிறகு முன்னால் எட்டி முள்ளைப் பார்த்தார். அது சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது. "எப்பவும் இப்படித்தான் ஓட்டுவீங்களா சார்? பம்ப் பெட்ரோல்ல முங்கிக் கிடக்கணும். அந்த ஈரம்தான் அதுக்குக் குளிர்ச்சி. அடியில கொஞ்சூண்டு வச்சுக்கிட்டு இந்த வெயில்ல ஓட்டினா சூடாகி இறுகிடும். ஆறினா மறுபடி சுத்தும். தேய்ஞ்ச பம்ப் வேறயா, கேக்கணுமா?"

எனக்கு ஒன்று கேட்க வேண்டும் போல் இருந்தது. தெரியாத ஆம்பிளையிடம் நானாக வாய் திறந்து பேசுகிற வழக்கம் கிடையாது. ஆனாலும் கேட்டேன்.

"நிறைய ரொப்பியிருந்தா நிக்காதுங்களா?"

"டேங்க் நிறைய இருந்தா இதே பம்ப் இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருக்கும்மா. அவ்வளவு சீக்கிரம் நிக்காது."

நான் மகனைப் பார்த்தேன். அவன் ரோட்டைப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் சீக்கிரம் கிளம்புவது எதற்கென்று எனக்குத் தெரியும். "அத்தையை ஏத்திக்கிட்டு பங்க்ல போய் நிக்கறது நல்லா இருக்காது," என்று முன்கூட்டியே போய் ரொப்பிக்கொண்டுதான் மன்னார்புரம் போவான். அந்தப் பெட்ரோல் வாரம் பூராவும் மார்க்கெட்டுக்கும் கடைக்கும் ஓடும். ஞாயிற்றுக்கிழமை என் முறை வரும்போது முள் படுத்திருக்கும்; இந்த வாரம் வெளி அலைச்சல் அதிகம், வியாழக்கிழமைக்கே படுத்துவிட்டது. தஞ்சாவூர் போன அன்றைக்கும் அதே கதைதான். சம்பந்தியம்மாவை ஏற்றப் போகும்போது, தஞ்சாவூர் போய்வர ஆகிற அளவுக்குப் போட்டது, அவரை இறக்கிவிடும்போது தீர்ந்திருந்தது. அப்புறம் நாங்கள் இரண்டு பேர்தானே.

ஆக, வண்டி நான் ஏறியதால் நிற்கவில்லை. என் கண்ணாலும் நிற்கவில்லை. எனக்கென்று யாரும் பெட்ரோல் போடாததால் நின்றது. திருஷ்டி என் கண்தான் என்று பயந்துகொண்டிருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை. அதுவரை நானாக எதையோ கற்பனை பண்ணிக்கொண்டு வயிறு எரிகிறேன் என்று ஒரு சமாதானம் இருந்தது. இப்போது அந்த முள்ளே சாட்சி சொல்லிவிட்டது.

மறுநாள் புது பம்ப் வந்தது. மாற்றும்போது நானும் போனேன், வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஷெட்டுக்கு வெளியே பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருத்தரை அந்தத் தெருவை விட்டே விரட்டினார் மெக்கானிக். மூடியைச் சுற்றியிருந்த மண்ணை ஊதித் துடைத்துவிட்டுத் திறந்தார். பெட்ரோல் வாசனை குப்பென்று அடித்தது. உள்ளே கையை விட்டு அதைச் சாய்த்துச் சாய்த்து வெளியே எடுத்தார். டம்ளர் உயரம்தான் இருக்கும். அடியில் ஒரு வலை, அது கறுப்பாக அடைத்துக் கிடந்தது. "பாருங்கம்மா, அடி மண்டியெல்லாம் இதுதான் குடிச்சிருக்கு," என்று என்னிடம் காட்டினார். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. புதுசை வைத்து, ரப்பர் வளையத்தை அழுத்தி மூடி, ஒயரை மாட்டினார். சாவியைத் திருப்பியதும் சின்னதாக ஒரு சத்தம் வந்து நின்றது. கிளம்பிய பிறகு ஷெட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கால் டேங்குக்குக் கீழே விடாதீங்க சார்," என்றார்.

மகன் அங்கிருந்தே சம்பந்தியம்மாவுக்குப் போன் பண்ணினான்.

"பம்ப்தான் அத்தை. மாத்தியாச்சு."

"அப்ப கண்ணு இல்லையா மாப்பிள்ளை?"

"இல்லத்தை."

"எதுக்கும் ஒரு எலுமிச்சம்பழத்தை நசுக்கிட்டு எடுங்க."

நசுக்கிவிட்டுத்தான் எடுத்தான்.

பஸ் பேச்சு அதோடு போயிற்று. "எல்லாரும் ஒண்ணாவே போயிடலாம் அத்தை," என்றாள் மருமகள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மகன் மட்டும் மன்னார்புரம் போய்ச் சம்பந்தியம்மாவை அழைத்து வந்தான். நான் சீர்த்தட்டோடு கீழே இறங்கி வரும்போது அவர் முன்னால் இருந்தார். சீட் கடைசி வரை பின்னால் போயிருந்தது. நான் முட்டியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தேன்.

டோல்கேட் பக்கம் பங்க் வந்தபோது, "ரொப்பிக்கோயேம்ப்பா," என்றேன். பிறந்த ஊருக்குப் போகிறேன், எனக்காக இந்த ஒரு தடவை என்று மனசில்.

"மன்னார்புரம் போறப்பவே ரொப்பிட்டேம்மா," என்றான்.

சம்பந்தியம்மா திரும்பி என்னைப் பார்த்து, "மாப்பிள்ளை கெட்டி, நம்ம சொல்லணும்னே இல்ல," என்றார்.

கார் எங்கேயும் நிற்கவில்லை. குணசீலம் போயிற்று, முசிறி போயிற்று. தம்பி வீட்டு வாசலில் நிறுத்தியதும் தம்பி ஓடி வந்து முன் கதவைத்தான் திறந்தான். "வாங்க வாங்க," என்று சம்பந்தியம்மாவுக்குக் கை கொடுத்து இறக்கினான். பின் கதவை நானே திறந்துகொண்டேன். ஆனால் இறங்கினேன். பந்தலில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். தம்பி பெண்டாட்டி என் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு காதோடு சொன்னாள்.

"சம்பந்தியம்மாவை முன்னால உக்கார வச்சுட்டு நீங்க பின்னால வந்தீங்க பாருங்க, உங்க மனசு யாருக்கு வரும் அண்ணி!"

சிரித்து வைத்தேன். காது குத்தும்போது சம்பந்தியம்மாவுக்கு ஃபேனுக்கு நேரே நாற்காலி போட்டிருந்தார்கள். தட்டான் ஊசியை எடுத்ததும் குழந்தை வீறிட்டது. சம்பந்தியம்மா விரலைச் சொடுக்கி ஏதோ வேடிக்கை காட்ட, அது அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. குழந்தைகூட.

திரும்பும்போது மன்னார்புரத்துக்கே நேராக விட்டான். சம்பந்தியம்மா இறங்கினார். மருமகளும் அம்மாவோடு தங்குகிறேன் என்று இறங்கினாள். நான் முன்னால் வந்து உட்கார்ந்து சீட்டை இழுத்துப் போட்டேன். முள் பாதிக்கு மேல் இருந்தது. பங்க் வந்தது.

"நிறுத்து. ரொப்பு," என்றேன்.

"பாதிக்கு மேல இருக்கும்மா."

"இருக்கட்டும்."

"புது பம்ப்மா. இனிமே நிக்காது."

"நிக்கறதுக்காகச் சொல்லல."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கிற்றா என்று எனக்குத் தெரியாது. அவன் காது சிவந்தது. வண்டியை உள்ளே விட்டான்.

பங்க்கில் இருந்த பெண் குனிந்து, "ஜீரோ பார்த்துக்கோங்கம்மா," என்றாள். என்னை அப்படி யாரும் பார்க்கச் சொன்னதில்லை. பார்த்தேன். வழிகிற வரைக்கும் போடச் சொன்னேன். கிளம்பும்போது முள் மேலே ஏறி, அதற்கு மேல் போக இடம் இல்லாமல் நின்றது. மன்னார்புரத்திலிருந்து ஸ்ரீரங்கம் வர அவ்வளவு பெட்ரோல் எதற்கு? ஆனாலும் அத்தனையிலும் நான் வந்தேன். பாலத்தின் மேல் வரும்போது மகன், "ஏசியைக் கூட்டவாம்மா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எனக்கு ஏசி ஒத்துக்கொள்ளாது. கேட்டானே, அது போதும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவன் சீக்கிரம் கிளம்பவில்லை. பங்க்குக்குப் போக வேண்டிய வேலை இல்லை, டேங்க் நிறைந்திருந்தது. நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனான். நான் பால்கனியில் நின்று, வண்டி தெருமுனை திரும்புகிற வரை பார்த்தேன். சம்பந்தியம்மா அன்றைக்கு முட்டிக்குக் கரண்ட் வைக்கப் போனது எனக்காகப் போட்ட பெட்ரோலில்.